டத்தோவின் தலையில் திரி வைப்பது குறித்து

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது ஒரு சாதனை என்றால், நெருப்பு கிட்டவே நெருங்க முடியாத மெழுகுவர்த்தியைக் கண்டுபிடித்தது அதனினும் பெரிய சாதனை. முன்னது எந்தக் கண்டத்தில் நடந்தது என்று அறிஞர்கள் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். பின்னது ஜொகூர் மாநிலம் கூலாயில், கஸ்தூரி என்பவளின் சமையலறையில், அடுப்புக்கும் ஐஸ்பெட்டிக்கும் நடுவே நடந்தது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஏனென்றால் இதை முடிவு செய்தது ஒரு கமிட்டி.

கஸ்தூரி தொடக்கத்திலிருந்தே மெழுகுவர்த்திக்காரி அல்ல. செனாய்ப் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், பெல்ட்டில் ஓடிவரும் பச்சைத் தகடுகளில் பழுதானதைப் பொறுக்கி ஒதுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள். நிர்வாகம் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. 'புதிய வாய்ப்புகளை நோக்கி விடுவித்தது'. அதற்காக ஒரு கேக்கும் வெட்டினார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் கையில் ஆளுக்கொரு துண்டு கேக்கோடு நிர்வாகத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் நிர்வாகம்தான் அதிகம் சிரித்தது.

அவள் கணவன் தங்கராஜு, விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். தான் வேலை செய்யும் கிடங்கிலேயே பெட்டி கட்டும் பிரிவில் மனைவிக்கும் ஓர் இடம் பேசி வைத்திருந்தான். கஸ்தூரிக்கு அந்தப் பின்சீட்டை நினைத்தாலே இடுப்பு வலித்தது. தீபாவளி வரைக்கும் தவணை கேட்டாள். அதற்குள் தன் மெழுகுவர்த்தித் தொழில் நிமிர்ந்து நின்றால் நின்றது. இல்லையென்றால் வாய் பேசாமல் ஹெல்மெட் மாட்டிக்கொள்வதாக ஒப்புக்கொண்டாள்.

மெழுகுவர்த்தி செய்வது மிகவும் எளிது என்று இணையத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். உருக்க வேண்டும், ஊற்ற வேண்டும், ஆறவிட வேண்டும். அதன்பின் உட்கார்ந்து அழ வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அவள் கண்ணாடிக் குவளையில் ஊற்றிய மெழுகு ஆறியதும் நடுவில் குழி விழுந்தது. குழியை நிரப்ப மறுபடி ஊற்றினால் பக்கத்தில் இன்னொரு குழி விழுந்தது. திரி மெலிதாக இருந்தால் சுடர் நேராகக் கிணறு தோண்டிக்கொண்டு கீழே போய், சுற்றுச்சுவர் முழுவதையும் விட்டுவிட்டு, உள்ளேயே மூழ்கிச் செத்தது. திரியைத் தடிமனாக வைத்தாலோ புகை கிளம்பி, சுவர் காலண்டரில் இருந்த லட்சுமிக்கு மீசை முளைத்தது. வாசனை எண்ணெய் புட்டியில் மணந்தது, குவளையில் மணந்தது, அவள் கைலி வரைக்கும் மணந்தது. எரியும்போது மட்டும் மணக்கவில்லை.

அவள் பார்த்த காணொளிகள் எல்லாம் குளிர்நாட்டில் எடுத்தவை. 'அறை வெப்பத்தில் ஆறவிடுங்கள்' என்றார்கள். கூலாயின் அறை வெப்பத்தில், உறைவதா வேண்டாமா என்று மெழுகுக்கே சந்தேகம் வந்துவிடும். முகநூல் குழு ஒன்றில், நடுவில் ஏன் குழி விழுகிறது என்று கேட்டுப் பார்த்தாள். குழி என்பது மனத்தில்தான் இருக்கிறது சிஸ் என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். அதற்கு நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

ஆனால் பழுது பார்த்தே பழகிய கை அவளுடையது. குவளையை முதலில் சூடுபடுத்திப் பார்த்தாள். ஊற்றும் வேகத்தைக் குறைத்தாள். திரியை ஒவ்வொரு அளவாக மாற்றினாள். தன் சாம்பார்ச் சட்டி நிரந்தரமாக மெழுகுச் சட்டியாகிவிட்டதைத் தங்கராஜு மூன்றாம் வாரம்தான் கவனித்தான். ரசத்தில் ஏதோ வழுவழுப்பு என்று மட்டும் சொன்னான். கடைசியில் ஒருநாள், பாண்டான் இலை வாசனை போட்ட ஒரு மெழுகுவர்த்தி தட்டையாக, சுத்தமாக, குவளையின் அடிவரைக்கும் எரிந்து முடிந்தது. கஸ்தூரி அன்று முழுக்க வேறு வேலை பார்க்காமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வந்த தங்கராஜு ஹெல்மெட்டைக் கழற்றாமலே சற்று நேரம் நின்று பார்த்தான்.

"நல்லா எரியுது," என்றான்.

கல்யாணத்தன்று அவளைப் பார்த்தும் அவன் இவ்வளவு நீளமாக எதுவும் சொன்னதில்லை.

இப்படி ஒரு நல்ல பொருள் உருவாகிவிட்டால் அதை மேம்படுத்த ஓர் அமைப்பு இல்லாமலா போகும்? கூலாயில் இருந்தது. 'மகளிர் குறுந்தொழில் எழுச்சி மன்றம்' என்று பெயர். இதன் தலைவி சாருமதி, டியூஷன் நிலையம் நடத்துபவர். செயலாளர் சுகுமாறன், காப்புறுதி முகவர். மகளிர் மன்றத்துக்கு ஓர் ஆண் ஏன் செயலாளர் என்று யாரும் கேட்டதில்லை; மைக் செட் அவருடையது. பொருளாளர் ஷாமளா, எதற்கும் ஒரு யோசனை சொல்லக் கூடியவர். மன்றம் அதுவரை எந்தத் தொழிலையும் எழுப்பியிருக்கவில்லை. ஆனால் எழுச்சி பற்றிய விருந்துகளை ஆண்டுதோறும் தவறாமல் நடத்தியிருந்தது.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கஸ்தூரி போட்டிருந்த கடையைப் பார்த்துவிட்டு, சாருமதி அவளைக் கூட்டத்துக்கு அழைத்தார். கூட்டம் டியூஷன் நிலையத்தில் நடந்தது. செயற்குழு முழுவதும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நாற்காலிகளில், முழங்கால் மோவாயைத் தொட, மிகுந்த கண்ணியத்தோடு அமர்ந்திருந்தது.

அவ்வாண்டு விருந்தின் கருப்பொருள் 'ஒளி பெறுவோம்'. சிறப்பு வருகை, மன்றத்தின் புரவலரும் லாரி நிறுவன உரிமையாளரும் அரண்மனையில் 'டத்தோ' பட்டம் வாங்கியவருமான டத்தோ ரூபேந்திரன். பெயரிலேயே ரூபம் இருக்கிறவர் என்பதால் அவர் ரூபத்தையே மெழுகுவர்த்தியாக வார்த்தால் என்ன என்று குழுவுக்குத் தோன்றியிருந்தது. மேசைக்கு ஒன்றாக நாற்பது சின்ன டத்தோ. மேடையில் ஒரு பெரிய டத்தோ. அந்தப் பெரிய டத்தோவை டத்தோவே வந்து ஏற்றி வைத்து விழாவைத் தொடக்குவார். குத்துவிளக்கு பழசாகிவிட்டதாம்.

கஸ்தூரிக்குத் தலை சுற்றியது. ஆனால் நாற்பத்தொரு மெழுகுவர்த்தி என்பது அவள் கனவிலும் வராத ஆர்டர். டத்தோ அதைப் பார்த்து, பிடித்துப்போய், தன் நிறுவனத்துத் தீபாவளிப் பரிசுக்கும் அவளிடமே கேட்டுவிட்டால்? பின்சீட்டு தூரத்தில் மங்கலாகி மறைவது போல இருந்தது. சரி என்றாள்.

முதல் வேலை அச்சு. ஸ்கூடாயில் ஒருவர், படத்தைக் கொடுத்தால் கணினியில் உருவம் செதுக்கி ரப்பர் அச்சு செய்து தருவார். படத்தைத் தேர்ந்தெடுக்கக் குழு இரண்டு முறை கூடியது. இப்போதைய படங்களில் டத்தோ 'சோர்வாக' இருப்பதாகக் கருதி, அவர் ஒரே ஒரு லாரி வைத்திருந்த காலத்துப் படத்தை எடுத்தார்கள். அதுவும் போதவில்லை. முன்தலையில் முடி சேர்க்கச் சொன்னார்கள். தாடை இரண்டாக இருந்ததை ஒன்றாக்கச் சொன்னார்கள். மூக்குக் கொஞ்சம் நீண்டது, கழுத்துக் கொஞ்சம் உயர்ந்தது, மூக்குக்கண்ணாடி போயே போய்விட்டது. கஸ்தூரி டத்தோவைக் கோயில் திருவிழாவில் ஒருமுறை கிட்டத்தில் பார்த்திருக்கிறாள்.

"மேடம், இது அவரு மாதிரி இல்லையே," என்றாள்.

சாருமதி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு அவளைப் பார்த்தார். "அவரு மாதிரி இருக்கறது முக்கியமில்ல, கஸ்தூரி. அவருக்குப் பிடிச்ச மாதிரி இருக்கணும்."

சின்னதும் பெரியதுமாக இரண்டு அச்சும் வந்தன. கஸ்தூரியின் சமையலறையில் டத்தோ உற்பத்தி தொடங்கியது.

முதல் டத்தோவை அச்சிலிருந்து உரித்தபோது மூக்கு உடைந்து கையோடு வந்தது. இரண்டாவது டத்தோ முழுசாக வந்தார். ஆனால் தட்டிப் பார்த்தால் தலைக்குள் ஒன்றுமில்லை, காற்றுதான் இருந்தது. மூன்றாவது டத்தோவுக்குத் தலைக்கனம். எங்கே வைத்தாலும் முன்னால் கவிழ்ந்தார். குவளைக்கு ஊற்றும் மென்மையான மெழுகு தனியாக நிற்கும் உருவத்துக்கு ஆகாது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மதிய வெயிலில் நான்காவது டத்தோ மெல்ல மெல்லத் தலைகுனிந்தார். சந்தனம் மணக்க வேண்டும் என்பது குழுவின் ஆணை. அதற்காக எண்ணெயைத் தாராளமாக ஊற்றியதில் ஐந்தாவது டத்தோவின் நெற்றியெல்லாம் முத்து முத்தாகத் துளிர்த்தது.

"என்னங்க, டத்தோவுக்கு வேர்க்குது," என்றாள் கஸ்தூரி.

தங்கராஜு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஃபேன் போடு," என்றான்.

அவள் விடவில்லை. கெட்டி மெழுகைக் கலந்தாள். எண்ணெயைக் குறைத்தாள். உறைகிற நேரத்தில் அடிப்பக்கமாகக் கம்பியால் குத்திக் காற்றை வெளியேற்றி, குழியில் மறுபடி ஊற்றினாள். இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு டத்தோவும் வரவேற்பறையில் அணிவகுத்து நின்றார்கள். எல்லார் தலையிலும் உச்சியில் நறுக்கென்று ஒரு திரி. தங்கராஜு டிவி பார்க்கும்போது அத்தனை பேரும் அவனையே பார்த்ததால், அவன் மரியாதைக்காகச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தான்.

பொருளை அனுப்புமுன் சோதித்துப் பார்ப்பது தொழிற்சாலைப் பழக்கம். ஒரு சின்ன டத்தோவைக் கூடுதலாக வார்த்து ஏற்றி வைத்தாள். அருமையாக எரிந்தது. புகை இல்லை, சந்தனம் வீடு முழுக்க மணந்தது. அந்தப் பெருமையில் அதை ஆரம்பத்திலிருந்து கைத்தொலைபேசியில் பிடித்து, வேகம் கூட்டி, மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். கீழே 'தரச் சோதனை வெற்றி' என்றும் எழுதினாள்.

காணொளியில் முதலில் டத்தோவின் முடி போயிற்று. பிறகு நெற்றி இறங்கியது. இடது கண் கன்னத்தில் வழிந்து மோவாயில் நின்றது. மூக்கு சற்று நேரம் போராடிப் பார்த்துவிட்டு உதட்டில் விழுந்தது. கடைசியில் ஒரு காதும் ஒரு கழுத்துப்பட்டையும் மட்டும் மிஞ்ச, அவற்றின் நடுவே சுடர் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

குழுவில் எல்லாரும் பார்த்துவிட்டதாக நீலக் குறி காட்டியது. பிறகு சுகுமாறன், தயவுசெய்து அழிக்கவும் என்று எழுதினார். அடுத்த நாளே அவசரக் கூட்டம்.

பிள்ளைகளின் நாற்காலிகள் அன்று வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தன. பொருள் ஒன்றே ஒன்றுதான்: டத்தோவின் தலையில் திரி வைப்பது குறித்து.

"தலைமாட்டுல விளக்கு எப்ப வைப்பாங்க, தெரியும்தானே?" என்று சாருமதி தாழ்ந்த குரலில் கேட்டார். "இவரு தலைமாட்டுலகூட இல்ல. தலையிலேயே."

"அதுவும் அவரு கையாலேயே அவரு தலைக்கு நெருப்பு," என்றார் சுகுமாறன். இதைச் சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

டத்தோவின் பேச்சு எவ்வளவு நேரம் நடக்கும் என்று கஸ்தூரி விசாரித்தாள். முக்கால் மணி நேரம் என்றார்கள். அவள் மனத்துக்குள் கணக்குப் போட்டு, பெரிய டத்தோவுக்கு அதற்குள் புருவம் வரைக்கும்தான் போகும் என்று ஆறுதல் சொன்னாள். ஆறுதல் எடுபடவில்லை. திரியைத் தோளில் வைக்கலாம் என்றார் ஷாமளா. சமூகத்தைச் சுமக்கும் தோள் உருகலாமா என்று அது தள்ளுபடியானது. வாயில் வைக்கலாம் என்றார். டத்தோ சிகரெட்டை விட்டு நாலு வருடமாகிறது என்பதால் அதுவும் ஆகவில்லை. காலடியில் வைக்கலாம் என்றால் மார்பளவு உருவத்துக்குக் கால் இல்லை. இதற்கென்று 'திரி உபகுழு' அமைக்கப்பட்டது. உபகுழு பக்கத்து அறைக்குப் போய், ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் வரலாற்றுச் சிறப்புமிக்க பரிந்துரையோடு திரும்பியது. திரி வேண்டாம்.

கஸ்தூரி முதலில் தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

"திரி இல்லன்னா அது மெழுகுவர்த்தி இல்ல, மேடம். அது வெறும் மெழுகு."

"பாதுகாப்பு மெழுகுவர்த்தின்னு போட்டுக்கலாம் லா," என்றார் சுகுமாறன். "நெருப்பு அபாயம் இல்ல, புகை இல்ல, சுற்றுச்சூழலுக்கு நல்லது. நாட்டுலயே முதல் முறைன்னுகூடப் போடலாம்."

எல்லாரும் கை தட்டினார்கள். திரியில்லாத ஒரு பொருளை அவர் எவ்வளவு அழகாகத் திரித்துவிட்டார் என்று கஸ்தூரியே வியந்தாள். எரிய வேண்டியதை எரியாமல் பார்த்துக்கொள்வதற்கு இத்தனை வழி இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாமா என்று யோசித்தாள். வீட்டில் நாற்பத்தொரு தலைகள் நின்றன. வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. எழாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை குறடு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டத்தோவின் உச்சியிலிருந்தும் திரியைப் பிடுங்கினாள். பல் பிடுங்குகிற சத்தம் வந்தது. துளையில் சூடான மெழுகைவிட்டு விரலால் மெழுகினாள். தங்கராஜு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு குறடைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பாண்டான் மெழுகுவர்த்தி எரிந்தபோது வந்த அந்தச் சந்தோஷம் அவளுக்கு ஞாபகம் வந்தது. நல்ல வேலை செய்துவிட்டு அதை நாமே கெடுக்கும் வேலைக்கும் அதே கவனம் தேவைப்படுகிறது என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

விருந்தன்று மண்டபத்துக்கு அவற்றைக் கொண்டுபோனதே ஒரு காவியம். மைவி காரில் குளிர்சாதனத்தை உச்சத்தில் வைத்து, ஐஸ் மூட்டைகளுக்கு நடுவே டத்தோக்களை அமர்த்தி, இருவரும் பல் கிட்டிக்கப் போய்ச் சேர்ந்தார்கள். மேசைக்கு ஒரு டத்தோ வைத்தாயிற்று. பெரிய டத்தோவை மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை மேல் நிறுத்தினார்கள். விளக்கேற்ற வழியில்லாததால் மலர் தூவித் தொடக்கலாம் என்பது சுகுமாறனின் யோசனை. ஒரு தட்டில் ரோஜா இதழ்கள். உருவம் வெறிச்சென்று தெரிகிறது என்று, வாடாத சந்தன மாலை ஒன்றையும் அவரே வாங்கிவந்து போட்டார். பக்கத்தில் இரண்டு ஊதுபத்தியும் ஏற்றினார். தள்ளி நின்று பார்த்த கஸ்தூரிக்கு இந்தக் காட்சியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று அந்த அவசரத்தில் பிடிபடவில்லை.

டத்தோ ரூபேந்திரன் யோங் பெங்கில் வேறொரு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு, நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி, ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அறுபதைத் தாண்டியவர். நல்ல வழுக்கை, தாராளமான தாடை. படம் எடுப்பார்கள் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நேராக மேடை ஏறினார். டத்தோ அவர்கள் இப்போது மலர் தூவுவார் என்று சுகுமாறன் மைக்கில் முழங்கினார்.

டத்தோ மேசையைப் பார்த்தார். வெள்ளைத் துணி. சந்தன மாலை. ஊதுபத்தி. நடுவில் அடர்ந்த முடியோடு ஓர் இளைஞரின் உருவம். அவர் முகம் சட்டென்று வாடியது. காலணியைக் கழற்றினார். இதழ்களை இரு கையாலும் அள்ளி, பயபக்தியோடு தூவினார். கைகூப்பிக் கண்ணை மூடினார். பிறகு மைக்கை வாங்கி, கரகரத்த குரலில், "எல்லாரும் கொஞ்சம் எழுந்து நில்லுங்க. ஒரு நிமிஷம் மௌனம்," என்றார்.

மண்டபம் எழுந்து நின்றது. டத்தோ சொன்னால் எழுந்து நிற்பதே வழக்கம். கமிட்டியும் நின்றது. சாருமதியின் முகத்தில் இருந்த பவுடர் தனியாகத் தெரிந்தது.

மண்டபத்தின் ஓரத்தில் நின்ற தங்கராஜு மனைவியின் பக்கம் சாய்ந்தான். "யாரு தவறிட்டாங்க?"

"டத்தோ."

"எந்த டத்தோ?"

"மௌனம் அனுசரிக்கிறாரே, அவரு."

தங்கராஜு மேடையைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. பக்கத்தில் நின்ற ஒருவர் ஆறுதலாக அவன் முதுகில் கை வைத்தார்.

மௌனம் முடிந்தது. டத்தோ, திரும்பாமலே, மறைந்தவரின் பெயர் என்ன என்று சுகுமாறனிடம் முணுமுணுப்பாகக் கேட்டார். பொய் சொல்லத் துணிவில்லாத அந்த ஒரு கணத்தில் சுகுமாறன் உண்மையையே சொல்லிவிட்டார்.

"ரூபேந்திரன், டத்தோ."

"அட, நம்ம பேரே," என்றார் டத்தோ நெகிழ்ந்துபோய்.

அதன்பின் அவர் பேசிய பேச்சைக் கேட்டவர்கள் இன்றும் சொல்கிறார்கள். தன் பெயரையே கொண்ட அந்த உத்தமரைத் தனக்கு நெருக்கமாகத் தெரியும் என்றார். அவரிடம் தான் கற்றுக்கொண்டது ஏராளம் என்றார். விளம்பரமே பிடிக்காத மனிதர், தன் உருவத்தை எங்கேயும் வைக்கவிடாதவர், இப்படிப்பட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. முன்வரிசையில் சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெழுகு வழிவதைத் தடுக்க அவசரக் கூட்டமும் உபகுழுவும் போட்ட கமிட்டி, டத்தோவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டி வழிந்துகொண்டிருந்தது. கடைசியாக, 'அமரர் ரூபேந்திரன் நினைவு விருது' ஒன்றை ஆண்டுதோறும் தன் செலவில் வழங்கப்போவதாக அறிவித்தார். உருவத்தைச் செய்தவருக்கே முதல் விருது என்றார்.

கஸ்தூரியை மேடைக்குத் தள்ளினார்கள்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கம்மா. உயிரோட இருக்கற மாதிரியே இருக்காரு," என்றார் டத்தோ. அப்படியே கையால் உருவத்தின் தலையைத் தடவிப் பார்த்தார். "மெழுகா இது? மெழுகுவர்த்தியா? அப்ப திரி எங்க?"

மைக் தள்ளி இருந்தது. சாருமதி முந்திக்கொண்டார். "தொழிலுக்குப் புதுசு, டத்தோ. வைக்க மறந்துட்டாங்க."

நாற்பத்தொரு திரியையும் பிடுங்கிய விரல்கள் கஸ்தூரிக்கு இன்னும் வலித்துக்கொண்டிருந்தன. கேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சிரித்தாயிற்று. இன்னொரு முறை முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"மறக்கல, டத்தோ. வெச்சேன். எரிஞ்சா தலை உருகிடும்னு கமிட்டி வேணாம்னுட்டாங்க. எரிஞ்சிருந்தா வெளிச்சம் வந்திருக்கும், வெளிச்சத்துல ஆளு யாருன்னும் தெரிஞ்சிருக்கும்."

டத்தோவுக்கு முதலில் புரியவில்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். முடியைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார். இடது காதுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு மரு இருந்தது. எல்லாவற்றையும் திருத்திய குழு அதை மட்டும் விட்டுவிட்டிருந்தது. டத்தோவின் கை தன்னையறியாமல் தன் காதுப் பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது.

"அலமாக், நானேதான்," என்றார் மெதுவாக.

கமிட்டி முழுவதும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மண்டபத்தில் இன்னும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டத்தோ அவர்களைப் பார்த்தார். தன் வாழ்நாளில் தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல பேச்சை அவர் கேட்டதில்லை. கேட்டவர்கள் அழுததும் இதுதான் முதல் தடவை. அதைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இது நமக்குள்ள இருக்கட்டும், தங்கச்சி," என்று கஸ்தூரியிடம் சொன்னார். பிறகு மைக்கை இழுத்து, "அன்னாரின் ஆத்மா சாந்தியடையட்டும்," என்று முடித்தார்.

விருந்து சிறப்பாக நடந்தது. ஆனால் மேசை மேல் இருந்த சின்ன டத்தோக்களை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகவில்லை. இறந்தவர் தலையை எந்த அலமாரியில் வைப்பது? எல்லாரும் எழுந்துபோன பிறகு, கஸ்தூரியும் தங்கராஜுவும் நாற்பது பேரையும் திரும்பப் பொறுக்கி மைவியில் ஏற்றினார்கள். போகும்போது ஐஸ் வைக்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் அத்தனை டத்தோவும் சாம்பார்ச் சட்டிக்குள் இறங்கினார்கள். கெட்டி மெழுகு கண்ணாடியில் ஒட்டாமல் விலகும் என்பது தெரிந்ததால், கஸ்தூரி அதில் மென்மையான மெழுகைக் கலந்து, குவளையைச் சூடாக்கி, நிதானமாக ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் தடிமன் பார்த்துத் திரி வைத்தாள். குழி விழவில்லை. சந்தனம் எரியும்போதும் மணந்தது. தீபாவளிக்கு முந்திய பாசார் மாலாமில் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. டத்தோ வீட்டிலிருந்தும் ஒரு பெண்மணி வந்து ஆறு வாங்கிப்போனார். அவற்றில் யார் இருக்கிறார் என்று கஸ்தூரி சொல்லவில்லை. தங்கராஜு இப்போதும் தனியாகத்தான் பாலம் தாண்டுகிறான். பாண்டார் தெங்காராவில் ஒரு பூஜைச் சாமான் கடையிலும் அவள் குவளைகள் இருக்கின்றன.

மன்றமும் மென்மேலும் எழுச்சி பெற்றுவருகிறது. அமரர் ரூபேந்திரன் நினைவு நாள் ஒவ்வோர் ஆண்டும், டத்தோ ரூபேந்திரன் தலைமையில், மன்றம் வைத்துக்கொண்ட பெரிய டத்தோவின் முன்னால், சந்தன மாலையோடு நடக்கிறது. அமரரின் கொடைகளை டத்தோ பட்டியலிடுகிறார். அமரரைத் தங்களுக்கு எப்படியெல்லாம் தெரியும் என்று சாருமதியும் சுகுமாறனும் ஷாமளாவும் போட்டி போட்டுக்கொண்டு பேசுகிறார்கள். மன்றம் அவ்வாண்டு கைதூக்கிவிட்ட பெண்களின் எண்ணிக்கை வாசிக்கப்படுகிறது. முன்னாள் விருதாளர் என்ற முறையில் கஸ்தூரிக்கும் அழைப்பு வருகிறது. அவள் தவறாமல் போகிறாள்.

பேச்சைக் கேட்க அல்ல. எல்லாரும் எழுந்து நின்று கடைப்பிடிக்கும் அந்த ஒரு நிமிட மௌனத்துக்காக. ஆண்டு முழுவதிலும் மன்றத்தார் யாரும் பொய் சொல்லாமல் இருப்பது அந்த ஒரு நிமிடம்தான்.